கேடயமெனக் கருதப்பட்ட நோய்: கீல்வாத வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நோய் என்பது மனிதர் அஞ்சி விலக முயன்ற ஒன்றாகவே பெரும்பாலும் வரலாற்றில் இடம்பெறுகின்றது. அம்மையும் வாந்திபேதியும் பரவிய ஊர்களை மக்கள் கைவிட்டு ஓடிய செய்திகள் பல நாடுகளிலும் உள. இதற்கு மாறாக, வந்தபோது ஓரளவு வரவேற்கப்பட்ட நோய் ஒன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே காற்பெருவிரலில் நெருப்புப் பற்றியதுபோன்ற வலியெடுத்துப் படுக்கையில் வீழ்ந்த பிரபுக்கள் அவ்வலியைச் சபித்தனர். அதே வேளையில் உள்ளூர ஆறுதலும் அடைந்தனர். இந்நோய் உடலிற் குடிகொண்டிருக்கும்வரை இதனினும் கொடிய நோய்கள் அணுகா என்றும், ஆயுள் நீடிக்கும் என்றும் அவர்கள் நம்பினர். கடித இலக்கியத்தாற் புகழ்பெற்ற ஹொறேஸ் வால்போல் இந்நம்பிக்கையைத் தம் கடிதங்களில் வெளிப்படையாகவே எழுதியவர். இன்றைய மருத்துவம் கூறுவதோ இதற்கு நேர்மாறானது. கீல்வாதம் பிற நோய்களைத் தடுக்கும் கேடயமன்று. குருதி அமுக்கம், சிறுநீரக நோய், நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றோடு கைகோத்து வருவது. ஒரு கருத்து இவ்வாறு தலைகீழான வரலாறு நுணுகி நோக்கத்தக்கது. அது தலைகீழான பின்னரும் பழைய எண்ணத்தின் ஒரு பகுதி நோயாளரைவிட்டு நீங்காதிருத்தல் அதனினும் நோக்கத்தக்கது.

கீல்வாதம் என்னுஞ் சொல் மக்கள் வழக்கிலே மூட்டுநோய்கள் பலவற்றையும் குறிக்கும். ஈண்டு ஆங்கிலேயர் கவுட் என வழங்கும் நோயே அச்சொல்லாற் குறிக்கப்படுகின்றது. உடற்கலங்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள்கள் சிதையுமிடத்து யூரிக்கமிலம் உண்டாகின்றது. குருதியில் அதன் அளவு நீண்டகாலம் மிகுந்திருப்பின் அது சோடியம் யூரேற்று என்னும் ஊசிவடிவப் பளிங்குகளாக மூட்டுகளிற் படியும். உடலின் காப்புக்கலங்கள் அப்பளிங்குகளை எதிர்த்தெழும்போது வீக்கமும் செம்மையும் பொறுக்கவொணா வலியும் தோன்றுகின்றன. வெப்பநிலை குறைந்த கைகால் நுனிகளிற் பளிங்கு படிதல் எளிது. ஆதலின் காற்பெருவிரலே பெரும்பாலும் முதலிற் பாதிக்கப்படுகின்றது.

கிரேக்கர் இந்நோயைப் பொடாகிறா என்றனர். காலைப் பிடிக்கும் பொறி என்பது அதன் பொருள். ஹிப்போகிறேற்றிசின் பெயரால் வழங்கும் மணிமொழிகளில், விதையகற்றப்பட்டோர்க்கு இந்நோய் வருவதில்லை என்றும், பெண்டிர்க்கு மாதவிலக்கு நின்ற பின்னரே வரும் என்றும் கூறப்பட்டுள்ளது. பெண்களைப் பற்றிய கூற்று இன்றும் பெரிதும் பொருந்துவதாகும். பெண்மைச் சுரப்பான ஈஸ்திரசன் சிறுநீரகத்தின்வழி யூரிக்கமிலம் வெளியேறத் துணைபுரிதலே அதற்குக் காரணம். ஆய்வுகூடம் ஏதுமின்றிக் கண்ணாற் கண்டே இதனை அறிந்த அக்கால மருத்துவரின் கூர்நோக்குப் பாராட்டுக்குரியது. ஆனால் உரோம் நகரிற் காட்சி மாறுகின்றது. மிகையுணவும் மதுவும் சிற்றின்பமுமே இதன் காரணங்கள் என்ற எண்ணம் அங்கு வலுப்பெற்றது. உரோமப் பெண்களும் கீல்வாதத்தால் வருந்துவதைச் செனக்கா தம் காலத்து ஒழுக்கக்கேட்டின் சான்றாகவே காட்டினார். மருத்துவக் குறிப்பு ஒழுக்கத் தீர்ப்பாக மாறிய இடம் இதுவெனலாம்.

இவ்வெண்ணம் மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. சரக சங்கிதையிலே வாதரத்தம் என விரித்துரைக்கப்படும் நோய் கைகால் மூட்டுகளிற் பற்றுவது. கீல்வாதத்தோடு இது பலராலும் ஒப்பிடப்படுகின்றது. அந்நோய்க்கு அந்நூல் தரும் மறுபெயர்களுள் ஆட்டியவாதம் என்பதும் ஒன்று. ஆட்டியர் எனின் செல்வர். மென்மையான உடலும் சுகவாழ்வும் உடையோர்க்கே இது பெரும்பாலும் வரும் என்றும் அங்கு கூறப்படுகின்றது. தொடர்பற்ற இரு மருத்துவ மரபுகள் ஒரே நோயைச் செல்வரோடு இணைத்துள்ளமை, அதில் உண்மை ஓரளவு இருத்தல் கூடும் என்பதைக் காட்டும். எனினும், மருத்துவரை அழைக்க வசதியுடையோரின் நோய்களே நூல்களிற் பெரிதும் பதிவாயின என்பதையும் மறத்தலாகாது. உழவனின் காலை எவரும் ஏட்டில் எழுதவில்லை.

கவுட் என்ற சொல் துளி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கெட்ட நீர் துளித்துளியாக மூட்டில் வடிகின்றது என்பதே அதன் உட்கருத்து. உடலின் நாற்பெரும் நீர்கள் நிலைகுலைதலே நோய் எனக் கொண்ட அக்கொள்கைப்படி, கீல்வாதம் உடல் தன் கழிவைத் தானே உயிர்நிலைகளுக்கு அப்பால், கால்நுனியை நோக்கித் தள்ளும் செயலாகும். கேடயக் கொள்கையின் வேர் இதுவே. கழிவு காலில் இருக்கும்வரை இதயமும் மூளையும் தப்பின. காலைவிட்டு நீங்கினாலோ அது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறும். இவ்வாறு ஏறியதைப் பின்வாங்கிய கீல்வாதம் என்றும், இடம்விட்டு இடம் அலைவதைப் பறக்கும் கீல்வாதம் என்றும் அழைத்தனர். ஆகவே வலியைத் தணித்தலே ஆபத்தெனக் கொண்ட மருத்துவர் பலர் இருந்தனர். கம்பளித்துணியும் பொறுமையுமே பலர்க்குக் கிடைத்த மருந்து. பிறிதொரு நோயால் வருந்தும் ஒருவர்க்கு வேண்டுமென்றே காலில் கீல்வாதத்தை வரவழைக்க முயன்றதும் உண்டு.

இக்கொள்கையை வெறும் மூடநம்பிக்கையெனத் தள்ளிவிடுதல் முறையன்று. கீல்வாதக்காரர் பலர் திடீரென நெஞ்சடைத்தும் மூளையிற் குருதி பெருகியும் இறந்ததை அம்மருத்துவர் கண்ணாரக் கண்டனர். காலுக்கும் நெஞ்சுக்கும் ஏதோ தொடர்புண்டு என அவர்கள் உணர்ந்தது சரியே. அத்தொடர்பின் திசையைத்தான் அவர்கள் தவறாகக் கொண்டனர். கண்ட உண்மை ஒன்றாகவும் கொண்ட முடிவு வேறாகவும் இருந்தமையால் நோயாளர் பல தலைமுறைகளாகத் துன்புற்றனர்.

நோயின் குறிகளை முதன்முதலில் தெளிவாக வரைந்தவர் தோமஸ் சிடனம் (1624–1689). முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தாமே கீல்வாதத்தால் வருந்திய இவர், 1683இல் வெளியிட்ட நூலில் நள்ளிரவிற் தொடங்கும் வலியின் போக்கை நாழிகை தவறாது விவரித்தார். படுக்கை விரிப்பின் பாரத்தையும் தாங்கவியலாத அந்நிலையை அவரினும் நன்றாக இன்றுவரை எவரும் எழுதவில்லை எனல் மிகையாகாது. எனினும் இந்நோய் ஏழைகளைவிடச் செல்வரையும், பேதையரைவிட அறிஞரையுமே மிகுதியாகக் கொல்கின்றது என்று அவரும் தம்மைத் தேற்றிக்கொண்டார். 1771இல் வில்லியம் கடோகன் வெளியிட்ட நூல் வேறு குரலில் ஒலித்தது. சோம்பலும் மிகையுணவும் மனவுளைச்சலுமே காரணங்கள். பரம்பரை என்பது சாட்டுப்போக்கு என அவர் அடித்துக் கூறினார். நூல் பல பதிப்புகள் கண்டது. பெருமையாக இருந்த நோய் பழியாகவும் மாறியது. இரண்டும் ஒருங்கே நிலவின. 1799இல் ஜேம்ஸ் கில்றே வரைந்த கேலிச்சித்திரத்திலே வீங்கிய காலைக் கவ்வும் சிறு பேய் ஒன்று காணப்படுகின்றது. நோயாளியின் முகம் சித்திரத்தில் இல்லை. பிறர் நகைப்பதற்கு அக்கால் ஒன்றே போதுமாயிருந்தது போலும்.

இக்காலத்தில் பயன்தந்த மருந்து, மருத்துவர் ஒதுக்கிய பக்கத்திலிருந்தே மீண்டும் வந்தது. கொல்சிக்கம் என்னும் செடிவகையின் கிழங்கை 6ஆம் நூற்றாண்டிலேயே திறாலஸ் நகரத்து அலெக்சாந்தர் மூட்டுவலிக்குப் பரிந்துரைத்திருந்தார். கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஹகியா சோபியாவைக் கட்டிய சிற்பியருள் ஒருவரான அந்தேமியசு இவருடைய உடன்பிறந்தவராவார். பின்னர் அதன் நச்சுத்தன்மைக்கு அஞ்சி மருத்துவர் அதனைக் கைவிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கொலா ஹுசோன் என்னும் பிரெஞ்சுப் படையதிகாரி ஓர் இரகசிய மருந்துநீரை விற்றார். அது கீல்வாத வலியை வியக்கத்தக்க வேகத்திற் போக்கியது. அதன் இரகசியம் கொல்சிக்கமே என 1814இல் ஜோன் வோன்ற் கண்டறிந்தார். அதிலுள்ள வேதிப்பொருளே கொல்கிசின். அப்பொருள் தமிழர்க்கு அயலானதன்று. சங்கப் புலவர் காந்தள் எனப் பாடிய கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலும் விதையிலும் அது உண்டு. தமிழ்நாட்டிற் கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகவே அச்செடி பயிரிடப்படுகின்றது. இலங்கையிலோ அக்கிழங்கை உண்டு உயிர்நீத்தோர் பற்றிய மருத்துவப் பதிவுகளே மிகுதி. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி சிறிதாதலின், சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இன்றும் கொல்கிசினை மிகக் குறைத்தே கொடுப்பர்.

செல்வர் நோய் என்ற கருத்தின் அடித்தளத்தை ஆட்டிய பொருள் ஒன்று மதுக்கலத்தினுள்ளேயே இருந்தது. அது ஈயம். 1703இல் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் செய்துகொண்ட மெதுவன் உடன்படிக்கையால் போர்த்துக்கேய மதுவுக்குப் பிரெஞ்சு மதுவைவிட மூன்றிலொரு பங்கு வரி குறைந்தது. போட் எனப்படும் செறிந்த மது பிரபுக்களின் மேசையில் நிலைபெற்றது. அந்நூற்றாண்டுக்குரிய போட் மதுவிலே ஈயம் மிகுந்திருந்தமையை 1971இல் ஜீன் போல் என்னும் அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஈயம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பழுதாக்கி யூரிக்கமிலம் வெளியேறாது தடுப்பது. உரோமரும் திராட்சைச் சாற்றை ஈயக் கலங்களிற் காய்ச்சிப் பாகாக்கி மதுவிற் சேர்த்தனர். இதனை வைத்து, உரோமப் பேரரசர்களின் கீல்வாதமும் பேரரசின் வீழ்ச்சியும் ஈயத்தாலாயின என 1983இல் ஜெரோம் நிறியாகு வாதித்தார். அவர் பழைய நூல்களைக் கையாண்ட முறை தவறானதென மறுவாண்டே ஜோன் ஸ்கார்பறோ கடுமையாக மறுத்தார். பேரரசொன்றின் வீழ்ச்சியை ஒரு கலத்தினுள் அடக்க முயலும் வாதத்தை ஐயத்தோடு நோக்குதலே தக்கது. ஆயினும் ஈயம் கீல்வாதத்தை விளைக்கும் என்பதில் ஐயமில்லை.

அதற்கு உறுதியான சான்று அரண்மனையிலிருந்தன்றித் தொழிலாளரிடமிருந்தே கிடைத்தது. இலண்டன் மருத்துவமனையிற் பணியாற்றிய அல்பிரட் பாரிங் கறொட், தம்மிடம் வந்த கீல்வாதக்காரருள் நான்கிலொரு பங்கினராவது முன்பு ஈயநஞ்சால் வருந்தியவர் எனக் கண்டார். குழாய் பொருத்துவோரும் வண்ணம் பூசுவோருமே அவருட் பெரும்பாலோர். அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்திலே வீட்டு விறாந்தைகளின் கம்பிகளிற் பூசப்பட்ட ஈயவண்ணம் வெயிலிற் பொடியாகிப் பிள்ளைகளின் கைவழியே வாயை அடைந்தது. 1904இல் லொக்ஹார்ட் கிப்சன் இதனைச் சுட்டிக்காட்டினார். அப்பிள்ளைகளிற் பலர் வளர்ந்தபின் சிறுநீரக நோயாலும் கீல்வாதத்தாலும் வருந்தினர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பழைய மோட்டார் வண்டிகளின் வெப்பந்தணிக்கும் கலங்களைக் கொண்டு கள்ளச்சாராயம் வடித்தவர்க்கும் குடித்தவர்க்கும் இதுவே நேர்ந்தது. அரசர் நோய் எனப் பெயர்பெற்ற நோய் ஏழைக் குடிசையிலும் இருந்தது. அங்கே அதனைத் தேடியவர்தாம் இலர்.

வேதியியல் வரலாறு இதனினும் நேரானது. 1679இல் லேயுவன்ஹுக் கீல்வாதக் கட்டியொன்றின் வெண்பொடியை நுணுக்குக்காட்டியில் வைத்து ஊசிவடிவப் பளிங்குகளைக் கண்டார். 1776இல் ஷீலே சிறுநீர்க்கல்லிலிருந்து யூரிக்கமிலத்தைப் பிரித்தார். 1797இல் வொலஸ்ரன் கீல்வாதக் கட்டியிலும் அவ்வமிலத்தின் உப்பே உளதென நிறுவினார். 1848இல் கறொட் நோயாளரின் குருதியிலே அது மிகுந்திருத்தலைக் காட்டினார். அவரது சோதனை எளிமையானது. குருதித் தெளிநீரிற் சிறிது அசற்றிக்கமிலம் விட்டு, அதனுள் நூலிழையொன்றை இட்டுவைத்தால், சில நாள்களில் இழைமீது பளிங்குகள் படியும். 1859ஆம் ஆண்டு நூலிலே, இப்பளிங்கு படிதல் அழற்சியின் விளைவன்று, காரணமே என்றும், சிறுநீரகம் இந்நோயிற் பங்குகொள்கின்றது என்றும் அவர் எழுதினார். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர் 1961இல் மக்காட்டியும் ஹொலண்டரும் முனைவாக்கிய ஒளியில் மூட்டுநீரின் பளிங்குகளை இனங்கண்டனர். மறுவாண்டில் பெயர்சும் மக்காட்டியும் அப்பளிங்குகளைத் தம் முழங்கால்களிலேயே ஊசியால் ஏற்றிக் கடும்வலியை வரவழைத்தனர். கறொட் கூறியது அவ்வாறு மெய்ப்பட்டது.

பிற நோய்களோடுள்ள தொடர்பை முதலில் அறிவியல் நோக்கிற் கண்டவருள் ஒருவர் பிறெடெறிக் அக்பர் முகமது (1849–1884). பட்னாவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிப் பிறைற்றன் நகரிற் குளியல்நிலையம் நடத்திய சேக் தீன் முகமதுவின் பேரர் இவர். நாடித்துடிப்பை வரையும் கருவியைத் திருத்தியமைத்து, சிறுநீரக நோயின் அறிகுறிகள் தோன்றுமுன்பே குருதி அமுக்கம் உயர்ந்திருத்தலை இவர் காட்டினார். அத்தகையோர் பலர் கீல்வாதக் குடும்பங்களைச் சேர்ந்தோர் என்பதையும் 1879இற் குறித்துள்ளார். முப்பத்தைந்து வயதளவில் இவர் நெருப்புக்காய்ச்சலால் மறையாதிருப்பின் இத்துறை விரைந்து வளர்ந்திருக்கக்கூடும். இதற்கு மாறாக, 1892இல் அலெக்சாந்தர் ஹெய்க் வெளியிட்ட நூல் தலைவலிமுதல் குருதி அமுக்கம்வரை அனைத்துக்கும் யூரிக்கமிலமே காரணமெனச் சாதித்தது. மிகைக்கூற்று உண்மையான கூற்றையும் கெடுக்கும். ஹெய்க்கின் கொள்கை சரிந்தபோது அதனோடு முகமதுவின் கண்டறிதலும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுப் போயிற்று.

இன்று அத்தொடர்பு எண்ணிக்கையால் உறுதிப்பட்டுள்ளது. 2007–2008 காலத்து அமெரிக்க நாடளாவிய ஆய்வொன்றிலே, கீல்வாதமுடைய வளர்ந்தோருள் 74 விழுக்காட்டினர் உயர் குருதி அமுக்கமும், 26 விழுக்காட்டினர் நீரிழிவும் உடையோராய்க் காணப்பட்டனர். யூரிக்கமிலத்தில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கைச் சிறுநீரகமே வெளியேற்றுகின்றது. அது தளர்ந்தால் யூரிக்கமிலம் தேங்கும். குருதி அமுக்கத்திற்கு வழங்கப்படும் தையசைட்டு வகைச் சிறுநீர்பெருக்கிகளும் அதனை உயர்த்தும். 2022இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்று, கீல்வாத வலி வந்தபின் வரும் 60 நாட்களுள் மாரடைப்பும் பக்கவாதமும் நேரும் வாய்ப்பு மிகுகின்றது எனக் காட்டிற்று. பழைய மருத்துவர் காலிலிருந்து நெஞ்சுக்கு ஏறியதெனக் கண்ட காட்சி இதுவே போலும். ஆனால் காலை விட்டகன்றதால் அன்று. காலில் எரிந்ததன் உடனிகழ்வாகவே நெஞ்சும் தாக்குண்டது. யூரிக்கமிலமே இதயத்தைக் கெடுக்கின்றதா என்பது வேறு வினா. அவ்வாண்டே பிரித்தானியாவில் கீல்வாதமற்ற இருதய நோயாளர் 5,700க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் யூரிக்கமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் அவர்தம் இதயத்துக்குப் பயன்தரவில்லை. ஹெய்க்கின் தவறு மீளாதிருக்க இம்முடிவு நினைவிற் கொள்ளத்தக்கது. இவற்றினிடையே கொல்கிசின் குறைந்த அளவில் இருதய நோயாளர்க்கும் பயன்தரும் என 2019, 2020ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டியமையும், 2024இல் வெளியான பெரியதோர் ஆய்வு மாரடைப்புக்குப்பின் அப்பயனைக் காணாமையும் இவ்விவாதம் இன்னும் முடியவில்லை என்பதற்குச் சான்றுகள்.

அலோபியூரினோலின் பிறப்பும் எதிர்பாராதது. புற்றுநோய் மருந்தொன்று உடலிற் சிதையாது நிற்பதற்காகவே கேட்றூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்சும் அதனை ஆராய்ந்தனர். யூரிக்கமிலத்தை ஆக்கும் நொதியத்தை அது தடுத்தமை பின்னர் தெரிந்தது. 1966இல் அமெரிக்காவில் அது கீல்வாதத்திற்கு அங்கீகரிக்கப்பட்டது. கலாநிதிப் பட்டம் பெறாத எலியன், ஹிச்சிங்சுடனும் ஜேம்ஸ் பிளக்குடனும் 1988இல் நோபெல் பரிசைப் பகிர்ந்தார். ஆக, நோயின் காரணம் தெரிந்தது. அளவறியும் சோதனையும் மலிவான மருந்தும் உண்டு. குருதியில் யூரிக்கமிலம் டெசிலீற்றருக்கு 6 மில்லிகிராமின் கீழ் நிலைத்து நின்றால் பளிங்குகள் மெல்லக் கரையும். மூட்டுநோய்களுள் இவ்வளவு முற்றாக அடக்கத்தக்கது அரிது.

இருந்தும் பெரும்பாலோர் சரியான சிகிச்சை பெறுவதில்லை. இதன் காரணத்தை மருந்தகத்திலன்றி, கடோகன் காலத்துத் தீர்ப்பிலேயே தேடவேண்டும். நோயாளி தன் வாயால் தேடிக்கொண்ட நோய் எனப் பிறர் எண்ணுகின்றனர். நோயாளியும் அவ்வாறே எண்ணி நாணி மறைக்கின்றார். இறைச்சி, கடலுணவு, பியர், இனிப்பூட்டிய பானங்கள் ஆகியன நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது உண்மையே. பருப்பிலும் கீரையிலும் உள்ள பியூரின் அவ்வாறு செய்யவில்லை என்பது 2004இல் வெளியான பெரிய ஆய்வொன்றின் முடிவு. நம் வீடுகளிற் கீல்வாதக்காரர்க்கு முதலில் விலக்கப்படுவது பருப்பே என்பது வியப்பு. உணவின் பங்கு மொத்தத்தில் எவ்வளவு? ஐரோப்பிய வழியினரிடையே யூரிக்கமில அளவிற் காணப்படும் வேறுபாட்டின் ஏறத்தாழ 24 விழுக்காட்டைப் பரம்பரையலகுகள் விளக்குகின்றன. தனித்தனி உணவுவகை ஒவ்வொன்றும் விளக்கியது மிகச் சிறிதளவே என 2018இல் ஓர் ஆய்வு கணித்தது. பிற பாலூட்டிகள் பலவற்றுக்கு யூரிக்கமிலத்தைச் சிதைக்கும் நொதியம் உண்டு; மனிதனும் குரங்கினத்தில் அவனுக்கு நெருங்கியனவும் கூர்ப்பின் போக்கில் அதனை இழந்துவிட்டன. நியூசிலாந்தின் மாஓரி மக்களிடையேயும் பசுபிக் தீவினரிடையேயும் இந்நோய் மிக மலிந்திருத்தற்குப் பரம்பரையலகுகளின் பங்கு பெரிது. அவர்களும் மதுவாலும் உணவாலும் தேடிக்கொண்டவர் என்ற பழிச்சொல்லையே நெடுங்காலம் கேட்டனர்.

மற்றொரு தடையும் உண்டு. அலோபியூரினோலைத் தொடங்கிய முதற்சில மாதங்களில் பளிங்குகள் கரையுமிடத்து வலி முன்னினும் கூடுதலாக வரலாம். ஆதலின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதனினும் குறைந்த அளவிற் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதும், மூன்று முதல் ஆறு மாதம்வரை கொல்கிசினைச் சிற்றளவிற் துணைகொள்வதும் வழக்கம். இதனை எவரும் எடுத்துரையாதபோது, மருந்தே நோயைக் கூட்டியது எனக் கருதி நோயாளர் நிறுத்திவிடுகின்றனர்.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று இதனைச் சோதித்தது. நோயாளருள் ஒரு பகுதியினரை வழமைபோல் குடும்ப மருத்துவர் கவனித்தனர். மற்றப் பகுதியினரைப் பயிற்சிபெற்ற தாதியர் கவனித்தனர். தாதியர் முதலில் நோயாளரின் எண்ணங்களைக் கேட்டறிந்தனர். நோய் எதனால் வருவது, மருந்து என்ன செய்வது, தொடக்கத்தில் ஏன் வலிக்கும் என்பவற்றை விளக்கினர். பின்னரே மருந்தின் அளவைக் கூட்டினர். இரண்டாண்டு முடிவில், வழமையான கவனிப்புப் பெற்றோருள் 30 விழுக்காட்டினரின் யூரிக்கமிலமே வேண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. தாதியர் கவனித்தோருள் அவ்வளவை எட்டியவர் 95 விழுக்காட்டினர். இரு பகுதியினர்க்கும் கிடைக்கக்கூடிய மருந்து அதே அலோபியூரினோலாகவே இருந்தது.